கறுத்த இரும்புதான் கையைச் சுடும்: கொல்லுப்பட்டறையில் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு

தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் நான் வேலை பழகத் தொடங்கிய மூன்றாம் நாள். ஆசாரி ஒரு களைக்கொத்துக்காக இரும்புப் பட்டையின் மேல் உளியை வைத்துத் துண்டித்தார். வெட்டுப்பட்ட துண்டு தீப்பெட்டி அளவுதான் இருக்கும். இரும்பை வைத்து அடிக்கும் கட்டையான பட்டடைக்குக் கீழே உருண்டு போய் நின்றது. அவர் மீதிப் பட்டையை மறுபடியும் உலையில் செருகிவிட்டு புளோயரைச் சுற்றத் தொடங்கினார். சற்று நேரம் கழித்து, காலில் இடறுகிறதே என்று அந்தத் துண்டைக் குனிந்து எடுத்தேன். சுற்றிலும் கிடந்த பழைய துண்டுகளைப் போலவே அதுவும் கறுப்பாகத்தான் இருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் அதில் ஒட்டிக்கொண்டதுபோல் முதலில் ஓர் உணர்வு. வலி அதற்குப் பிறகுதான் வந்தது.

ஆசாரி திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் இருந்த அடிபம்பின் வாயில் கையை வைத்தார். அவருடைய மகன் அடித்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்து ஆசாரி சொன்னார்: “சிவந்த இரும்பை எவனும் தொடமாட்டான், தம்பி. கறுத்த இரும்புதான் கையைச் சுடும்.”

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்தின் விரிவுதான். கொல்லு வேலை பழக விரும்புகிறவர்கள் தீப்பிழம்புக்கும் சம்மட்டிக்கும் பயப்படுகிறார்கள். அவை கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள். தெரிவதால் நாமே ஒதுங்கிக்கொள்கிறோம். பட்டறையில் புதிதாக வருகிறவரைக் காயப்படுத்துபவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. அவற்றில் முதலாவது, சிவப்பு அடங்கியும் சூடு அடங்காத இரும்பு. இதைக் ‘கருஞ்சூடு’ என்று இங்கே அழைக்கிறேன்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டதைப் பலரும் படித்திருப்பீர்கள். அவ்வளவு காலமாக இந்த மண்ணில் இரும்பு புழங்குகிறது. ஆனால் பட்டறையில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் வேலை செய்வது எப்படி என்பதை யாரும் எழுதி வைக்க வேண்டிய தேவை வரவில்லை. பட்டறையிலேயே தவழ்ந்து வளர்ந்த பிள்ளைக்கு அது தானாகவே வந்தது. முப்பது வயதில் ஆசைப்பட்டு வருகிற நமக்கு அந்தத் தவழ்ந்த பருவம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரும்பு ஏன் சிவக்கிறது, ஏன் கறுக்கிறது

சூடான எந்தப் பொருளும் கதிர்களை வெளியிடுகிறது. சூடு குறைவாக இருக்கும்போது அவை அகச்சிவப்புக் கதிர்கள்; தோலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. சூடு ஏற ஏற, அந்தக் கதிர்களில் ஒரு பகுதி கண் பார்க்கக்கூடிய ஒளியாக மாறுகிறது. திடப்பொருள் எதுவானாலும் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியசில் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குகிறது என்று ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற விஞ்ஞானி 1847-இல் காட்டினார். அதுவும் இருட்டில்தான். பகல் வெளிச்சத்தில் சிவப்பு கண்ணுக்குப் பட இன்னும் அதிகச் சூடு வேண்டும்.

அதற்கு மேலே நிறங்கள் வரிசையாக வருகின்றன. 650 டிகிரி வாக்கில் காய்ந்த மிளகாயின் கருஞ்சிவப்பு. 800-இல் செம்பருத்தி. 950 அளவில் நம் ஊர்ச் செந்தூரா மாம்பழத்தின் கன்னம்போல ஒரு செம்மஞ்சள். 1,100-ஐ நெருங்கும்போது எலுமிச்சை மஞ்சள். 1,300-ஐத் தாண்டினால் வெளுத்து, மத்தாப்புபோலப் பொறி தெறிக்கும். அப்போது இரும்பு எரியத் தொடங்கிவிட்டது என்று பொருள். உவமைகள் என்னுடையவை, டிகிரிகள் தோராயமானவை. வேலைக்கு இவ்வளவு போதும்.

இப்போது கீழே பாருங்கள். மனிதத் தோல் 60 டிகிரிச் சூட்டுள்ள பொருளை ஐந்து விநாடி பிடித்திருந்தால் ஆழமாகப் புண்ணாகிவிடும். 70 டிகிரியில் ஒரு விநாடியே போதும். இரும்பு ஒளிரத் தொடங்குவதோ 500-க்கு மேல். ஆக, 60 டிகிரியிலிருந்து 500 டிகிரி வரைக்கும் இரும்பு ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. 30 டிகிரியில் கிடக்கும் துண்டும் 400 டிகிரியில் கிடக்கும் துண்டும் அக்கா தங்கைபோல ஒன்றாகத் தெரியும். உலையிலிருந்து எடுத்த இரும்பு சிவப்பாக இருக்கும் நேரம் மிகக் குறைவு. பட்டடையில் பத்துப் பன்னிரண்டு அடி வாங்குவதற்குள் சிவப்பு போய்விடும். கறுப்பாக இருந்துகொண்டே சுடும் நேரம்தான் நீளமானது. கனமான துண்டு என்றால் அரை மணி நேரம் கழித்தும் தொட முடியாது.

நம் மாவட்டங்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. சித்திரை மாதத்து நண்பகல் வெயிலில், தருமபுரியின் ஏதாவது ஒரு வெட்டவெளியில் உலை வைத்துப் பாருங்கள். 600 டிகிரியில் மங்கலாகச் சிவந்திருக்கும் இரும்புகூடக் கறுப்பாகத்தான் தெரியும். பழைய பட்டறைகள் கூரை தாழ்ந்து, மேற்குப் பக்கம் சாக்குத் தொங்கி, அரை இருட்டாக இருப்பதை ஏழ்மையின் அடையாளம் என்று முன்பு நினைத்தேன். அது இரும்பின் நிறத்தைப் படிப்பதற்கான நிழல். மொட்டை மாடியிலும் வீட்டு வாசலிலும் உலை வைத்துப் பழகுகிறவர்கள் முதலில் தலைக்கு மேலே ஒரு நிழலைக் கட்டிக்கொள்ளுங்கள். மேலே நிழல் வேண்டும், பக்கங்கள் திறந்திருக்க வேண்டும். ஏன் திறந்திருக்க வேண்டும் என்பது பின்னால் வருகிறது.

சூடு நடக்கும் வழி

இரண்டடி நீளக் கம்பி ஒன்றின் நுனியை மஞ்சளாகக் காய்ச்சி எடுக்கிறீர்கள். ஒரு சாண் நீளம் ஒளிர்கிறது. மறுமுனையை வெறுங்கையால் பிடிக்க முடிகிறது. செம்பு அளவுக்கு இரும்பு சூட்டைக் கடத்தாது என்பதால்தான் இது முடிகிறது. ஆனால் சூடு நின்றுவிடவில்லை. மெதுவாகக் கையை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறது. உலையிலிருந்து எடுத்து இரண்டு மூன்று நிமிடம் ஆன பிறகும் கைப்பக்கம் சூடேறிக்கொண்டே போகும். நுனியைத் தண்ணீரில் முக்கி ‘சொய்ங்’ என்று ஆறவைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நடுவில் பிடித்துத் தூக்கினால் போச்சு. ஆறியது நுனி மட்டும்தான். தண்ணீர் படாத நடுப்பகுதியில் சூடு அப்படியே இருக்கிறது. அதுவே திரும்பவும் நுனிக்குப் போய் அதையும் சுட வைக்கும்.

இதைச் சோதிக்கத் தண்ணீர்த் துளி வைத்துப் பார்ப்பது எல்லாரும் செய்வது. விரலைத் தொட்டியில் நனைத்து இரும்பின் மேல் ஒரு சொட்டு உதறுவார்கள். அதைக் கிட்ட நின்று பாருங்கள். 100 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தால் சொட்டு விழுந்த இடத்திலேயே பரவி, கொதித்து, சத்தத்தோடு காய்ந்துவிடும். 300, 400 டிகிரியில் இருந்தால் அப்படி நடக்காது. சொட்டு உடையாமல் முத்துபோல உருண்டு, ஆவிப்படலத்தின் மேல் மிதந்து, இரும்பின் விளிம்பு வரை ஓடிக் கீழே விழுந்துவிடும். சத்தம் அவ்வளவாக இருக்காது. தோசைக்கல்லில் எல்லாரும் பார்த்த காட்சிதான். சத்தம் கேட்கவில்லை, ஆறிவிட்டது என்று நினைத்தீர்களானால் மிக மோசமான சூட்டில் கை வைத்திருப்பீர்கள். இன்னொரு பக்கம், 80 டிகிரியில் சொட்டு எந்தச் சத்தமும் போடாமல் சும்மா நிற்கும். அந்தச் சூடும் தோலை உரிக்கும். எனவே சொட்டு கொதித்தால் சூடு இருக்கிறது என்று உறுதி. கொதிக்காவிட்டால் எதுவும் உறுதி இல்லை.

நம்பத் தகுந்தது புறங்கைதான். எந்த இரும்பையும் எடுப்பதற்கு முன் அதற்கு நான்கு விரற்கடை மேலே புறங்கையைக் கொண்டுபோய், பின்பு மெல்ல இறக்குங்கள். புறங்கைத் தோல் மெல்லியது, சூட்டை முன்னதாகவே சொல்லிவிடும். தப்பித் தவறிச் சுட்டாலும் உள்ளங்கை பிழைக்கும். சுத்தியலைப் பிடிக்க அது வேண்டும். கதகதப்பு தெரிந்தால் குறட்டால் எடுங்கள். எங்கள் ஆசாரி நாற்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். காலையில் முதல் ஆளாக வந்து பட்டறையைத் திறக்கும்போதுகூட, இரவெல்லாம் கிடந்த இரும்பின் மேல் புறங்கையைக் காட்டிவிட்டுத்தான் எடுக்கிறார். குறட்டின் வாயும் சுடும் என்பதை மறந்துவிடாதீர்கள். உலைக்குள்ளேயே வைத்துவிட்ட குறட்டைப் பிடி வரைக்கும் சந்தேகப்பட வேண்டும்.

சூட்டுக்கு ஓர் இடம் வையுங்கள். எங்கள் பட்டறையில் அது மணல் நிரப்பிய பழைய பாண்டு, கொத்தனார் கலவை சுமக்கும் இரும்புச் சட்டி. உலையைப் பார்த்துவிட்டு வந்த இரும்பு எதுவானாலும் அதில்தான் இறங்கும். அதில் கிடப்பது எதுவானாலும் சுடும் என்றே வைத்துக்கொள்வோம். வெட்டுத் துண்டு தரையில் விழுந்தால், கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, குறட்டால் எடுத்துப் பாண்டில் போட வேண்டும். என் விரல் வெந்த பிறகு வந்த விதி இது. கைதவறி விழும் இரும்பைத் தாவிப் பிடிக்க வேண்டாம். சமையலறையில் விழும் டம்ளரைப் பிடித்துப் பழகிய கை நம்முடையது. அந்தப் பழக்கத்தைப் பட்டறை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இரும்பு விழட்டும், கால் பின்னால் போகட்டும்.

ஆசாரியைப் பார்த்து உடுத்தாதீர்கள்

வயதான ஆசாரிகள் பலர் மேலுடம்பில் துணியில்லாமல், கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு வேலை செய்வார்கள். அதைப் பார்த்துவிட்டு அதுதான் முறை என்று பழகுகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவருக்கு ஒவ்வொரு பொறியும் எங்கே விழும் என்று தெரியும். உடம்பு அறியாமலே விலகும். அப்படியும் அவருடைய முன்கைகளைப் பாருங்கள், வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கும். பேசும்போது குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருக்கும். பட்டடையின் ஓசை காதைத் தின்றுவிட்டது. அவரிடம் கற்றுக்கொள்ள ஆயிரம் இருக்கிறது. உடுப்பு அதில் சேராது.

பருத்திச் சட்டை, முழுக்கை. பருத்தியோ ஜீன்சோ போட்ட பேன்ட், மடிப்பு இல்லாமல், ஷூவுக்கு வெளியே விழும்படி. மடித்துவிட்டால் அந்த மடிப்புக்குள் பொறி உட்காரும். தோல் ஷூ. பாலியஸ்டர் கூடவே கூடாது. பருத்தி கருகி ஓட்டை விழும். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், உரித்தால் தோலும் சேர்ந்து வரும். கைலி, வேட்டி, தோளில் தொங்கும் துண்டு எதுவும் உலைப்பக்கம் வேண்டாம். பெண்கள் துப்பட்டாவையும் சேலைத் தலைப்பையும் விட்டுவிட்டு, கூந்தலை இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

கையுறையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். சுத்தியல் பிடிக்கும் கைக்கு வேண்டாம், பிடி வழுக்கும். குறடு பிடிக்கும் கைக்குத் தளர்வான தோல் கையுறை போடலாம். ஓர் உதறில் கழன்று விழ வேண்டும். ஈரக் கையுறை மிக ஆபத்தானது. சூடு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி உள்ளேயே கையை வேகவைத்துவிடும்.

கண்ணுக்குக் கண்ணாடி, உலை மூட்டுவதற்கு முன்பே. சூடான இரும்பின் மேல் உருவாகும் செதில் ஒவ்வோர் அடிக்கும் தெறிக்கிறது. அதைவிட மோசம், உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான்போல விரிந்திருப்பது. அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் சில்லு தோட்டாவேகத்தில் வரும். விரிந்த தலையைச் சாணையில் தேய்த்துச் சரிசெய்யாமல் உளியைத் தொடாதீர்கள். சுத்தியலால் வெறும் பட்டடையின் விளிம்பிலோ இன்னொரு சுத்தியலின் முகத்திலோ அடிக்கக் கூடாது. இரண்டும் கடினப்படுத்தப்பட்ட எஃகு, ஏதாவது ஒன்று உடையும். காதுக்குப் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்மட்டிக்கு இன்னொருவர் நிற்கும்போது பேச்சுக்கு இடமில்லை. எங்கள் பட்டறையில் ஆசாரி கைச்சுத்தியலால் எங்கே தட்டுகிறாரோ அங்கேதான் சம்மட்டி இறங்கும். அவர் பட்டடையின் ஓரத்தில் ஒரு தட்டு தட்டிவிட்டால் அதோடு நிறுத்த வேண்டும், ஓங்கிய சம்மட்டியானாலும் இறக்கக் கூடாது. பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கிக் கைப்பிடி ஆடத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டிப் பார்த்து, ஆடினால் ஆப்பு அடித்துக்கொள்ளுங்கள்.

நிறமும் இல்லை, மணமும் இல்லை

உலைக்கரி காற்றுப் போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், கால் தளர்வு என்று தொடங்கும். வெயிலின் களைப்பு என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுவோம். மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி உள்ளே உலை மூட்டுவது உயிரோடு விளையாடுவது. இரண்டு பக்கமாவது காற்று ஓட வேண்டும். மூடிய அறையில், அது எவ்வளவு பெரிய அறையானாலும், கரி உலை வேண்டாம்.

அடுத்தது துத்தநாகம். பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. பைப், தகரம், பளபளக்கும் போல்ட்டு நட்டு எல்லாம் துத்தநாகம் பூசியவை. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கிறது; நம் வேலைச்சூடு அதைத் தாண்டியது. உலையிலிருந்து வெண்புகையும், இலவம்பஞ்சுபோல மிதக்கும் வெள்ளைத் துகளும் கிளம்பினால் அதுதான். மூச்சில் போன உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகு, குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வாயில் உலோகச் சுவையும் வரும். பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஆனால் அளவுக்கு மீறி உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முலாம் பூசியதையும் பெயின்ட் அடித்ததையும் உலையில் வைக்காதீர்கள். எந்த இரும்பு என்று தெரியாவிட்டால் அது வேண்டாம்.

மூடிய எதையும் சூடாக்கக் கூடாது. இரண்டு பக்கமும் அடைத்த பைப், வண்டியின் ஷாக் அப்சார்பர் ஆகியவற்றுக்குள் இருக்கும் காற்றும் எண்ணெயும் விரிந்து வெடிக்கும். இரு பக்கமும் திறந்த பைப்பிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சூடான முனையைத் தண்ணீரில் முக்கினால், ஆவி உள்வழியாகவே ஏறி மேல்முனையில் உங்கள் முகத்தில் அடிக்கும். உலை கட்ட ஆற்றுக் கூழாங்கல்லை எடுக்காதீர்கள், உள்ளே ஈரம் இருந்தால் தெறிக்கும். சிமென்ட் தரையில் செந்தணல் இரும்பு விழுந்தாலும் அதே கதைதான். மண் தரை நல்லது.

தோய்ச்சல் போட, அதாவது காய்ந்த எஃகைச் சட்டென்று ஆறவைத்துக் கடினப்படுத்த, எண்ணெய் பயன்படுத்துகிறவர்கள் பிளாஸ்டிக் வாளியை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். ஆழமான இரும்புப் பாத்திரம், அருகிலேயே அதற்கு ஒரு மூடி. இரும்பைத் தயங்காமல் முழுதாக முக்குங்கள். பாதி உள்ளே பாதி வெளியே நின்றால் எண்ணெய் எளிதில் பற்றும். பற்றிக்கொண்டால் மூடியைப் போட்டுத் தீக்குக் காற்று போகாமல் அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரிகிற எண்ணெய் பட்டறை முழுவதும் சிதறும்.

சுட்டுவிட்டால்

ஓடும் தண்ணீரில் 20 நிமிடம். என் விரல் இன்று மடங்குகிறதென்றால் அந்த அடிபம்புதான் காரணம். பற்பசை, மஞ்சள், பேனா மை, நெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். அவை புண்ணை மோசமாக்கும், மருத்துவரின் கண்ணிலிருந்து அதை மறைக்கவும் செய்யும். வீங்குவதற்குள் விரலில், மணிக்கட்டில் இருப்பதைக் கழற்றுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடுங்கள். முகம், கண், மூட்டு, பிறப்புறுப்பு என்றாலும், உள்ளங்கையைவிடப் பெரிய காயம் என்றாலும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டி.டி. ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆகிறது என்றும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணில் இரும்புத்தூள் விழுந்தால் தேய்க்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் துணி முனையால் எடுக்க வரக்கூடாது.

முதல் வேலைக்கு அரிவாள் வேண்டாம். 10 மி.மீ. கம்பியில் ஒரு கொக்கி செய்யுங்கள். அரிவாளுக்கு எடுக்கும் லாரிப் பட்டை, அதாவது லாரியின் அடியில் இருக்கும் வில் பட்டை, கடினமான எஃகு. சூடு குறைந்த பிறகும் அடித்தால் வெடிக்கும். சாதாரணக் கம்பி உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். கை சோர்ந்தால் குறட்டுப்பிடி தளரும், தளர்ந்த குறட்டிலிருந்து இரும்பு பறக்கும்.

உலையை அணைப்பதும் வேலையில் ஒரு பகுதி. மேலே சாம்பல் பூத்த கரி உள்ளே மறுநாள் காலை வரைக்கும் கனன்றுகொண்டிருக்கும். ஆடிக்காற்று ஒரு பொறியைத் தூக்கிப் பக்கத்து வைக்கோற்போரில் போட அதுவே போதும். எங்கள் பட்டறையில் கரியைக் கிளறிப் பரப்பி, தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, ஆவி அடங்கும் வரை நிற்போம். ஆசாரி மணல் பாண்டின் அருகே குந்தி உட்கார்ந்து, அன்று செய்த ஒவ்வொன்றின் மேலும் புறங்கையைக் காட்டுவார். ஆறியதை எடுத்து ஆணியில் மாட்டுவார். ஆறாததைப் பாண்டிலேயே விட்டுவிட்டு, மேலே ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்திருப்பார்.